கவிழ்ந்த ஏழு

ஊரை ஒட்டிய குவாரிக் குட்டையில் தண்ணீரை இறைத்தபோது சேற்றுக்குள்ளிருந்து ஒரு லாரி வெளியே வந்தது. லாரி என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். நம்பர் பிளேட் இல்லை. எஞ்சினில் குத்தியிருந்த நம்பரையும் துரு தின்று ஏப்பம் விட்டிருந்தது. கேபினில் கிடந்த எலும்புகளைப் போலீஸ் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. அது யார் என்று சொல்ல மாசக் கணக்காகுமாம். அதுவரை சும்மா இருப்பானேன் என்று எஞ்சினைப் பழைய இரும்புக்கடையில் இறக்கிவிட்டு மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் லாரியோடு காணாமல் போனவர் அவனுடைய அண்ணன்.

கூடவே அண்ணியும் கிளம்பிவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவள்?

"இது அவரோடது இல்ல தம்பி. அவரு எவளையோ சேத்துக்கிட்டு எங்கயோ குடும்பம் நடத்துறாரு. ஒரு பார்வை பாத்துட்டுக் கிளம்புங்க" என்றாள்.

ஒன்பது வருஷமும் இதே பாட்டுத்தான். காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போதே திட்ட ஆரம்பித்துவிடுவாள். நன்றி கெட்ட மனுஷன், கல்நெஞ்சக்காரன், நாசமாப் போறவன். கட்டையில போறவன் என்று மட்டும் ஒருநாளும் அவள் வாயில் வந்ததில்லை. ஓடிப்போனவன் என்றால் உயிரோடு இருப்பான் அல்லவா? மெக்கானிக்கும் ஆமாம் சாமி போட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

குத்திய நம்பர் போனால் போகட்டும். எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போதே அச்சில் விழுந்து புடைத்து நிற்கிற எண் அவ்வளவு லேசில் அழியாது. அண்ணன் லாரியில் அந்த எண்ணின் கடைசி ஏழை, வார்ப்படத்தில் எந்தத் தூங்குமூஞ்சியோ தலைகீழாக வைத்துவிட்டான். முதல்தடவை எஞ்சினைப் பிரித்தபோது மெக்கானிக் அதை எல் என்று படித்து, எல் மாடல் கேஸ்கெட்டை வாங்கி வந்து, ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினான். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து தம்பிக்கு "எல்லு" என்று பேர். அண்ணனைத் தவிர வேறு யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"எல்லு, இனிமே எந்த மடையனும் ஏமாறக் கூடாது. ஏழோட காலடியில ஒரு கோடு போடுடா" என்று உளியை நீட்டினார் அண்ணன். ஏழின் கால் மேலே இருந்ததால் கோடும் மேலேதான் விழுந்தது, அதுவும் கோணலாக. அதற்கு இன்னொரு ரவுண்டு சிரிப்பு. வீட்டுக்குப் போய் அண்ணியிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மெக்கானிக் மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷால் தேய்த்தான். கடவுளே, ஏழு நேராக இருந்துவிடட்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினான். ஒவ்வொரு எண்ணாக வெளியே வந்தது. கடைசி எண் கவிழ்ந்து கிடந்தது.

"எல்லு மாதிரி தெரியுதே தம்பி" என்றாள் அண்ணி. அவள் குரல் இறங்கிவிட்டது.

"இருக்கட்டுமே. அன்னிக்கு வார்த்த பிளாக் அத்தனையிலயும் இப்படித்தான் விழுந்திருக்கும். இதே மாதிரி நூறு லாரி ஓடும் அண்ணி."

அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் சொல்லும்போதே அவனுடைய கட்டைவிரல் ஏழுக்கு மேலே போய் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டது.

அண்ணி அந்த விரலையே பார்த்தாள்.

"விரலை எடுங்க."

"வாங்க போலாம். அதான் பாத்தாச்சே."

"எடுங்கன்னு சொல்றேன்ல?"

எடுத்தான். அண்ணி குனிந்து, முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினாள். கோடு கோணலாக இருந்தது. அவள் அதன்மேல் விரலை வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிப் பார்த்தாள்.

"பக்கத்துலயே கிடந்திருக்காரு" என்றாள். "தினம் வாய்க்கு வந்தபடி திட்டிட்டே இருந்தேனே, எல்லு."