நாற்பத்தொரு அத்தியாயமும் ஒரு பூட்டும்

ஆர்டித் பென்னர் தன் கம்ப்யூட்டரைப் பனியில் இழுத்துக்கொண்டு வந்தார். பிள்ளைகள் சறுக்கி விளையாடும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் ஸ்லெட். அதில் கம்பளி சுற்றிய பெட்டி, அதன் மேல் ஹார்ட் டிஸ்க், மைக், தடிமனான ஒரு புத்தகம், ஒரு தட்டு பிளம் கேக். நூலகம் அவர் வீட்டிலிருந்து இரண்டே தெரு. கார் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"கார்ல வச்சா குலுங்கும்டா. நீ மாட்டிக் குடுத்தது எது எப்ப கழண்டு விழும்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு அறுபத்தாறு வயது. ஆர்டித் என் மூத்த அக்காவின் பள்ளித்தோழி, என்னைவிட ஏழு வயது பெரியவர். அதனால் நான் இன்னும் அவருக்கு 'டா'தான்.

எங்கள் ஊர் லினக்ஸ் கழகம் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூடும். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை இயக்கும் ஓர் இலவச மென்பொருள். கழகத்தில் மொத்தம் மூன்று பேர். அன்று ஒருவருக்கு மாடு கன்று போடும் நேரம் என்பதால் வரவில்லை. நானும் லொரேனா ஹீபர்ட்டும் மட்டும் இருந்தோம். லொரேனா முப்பது வருடம் மருந்துக்கடையில் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்தவர். ஆகவே எந்தப் பிழைச் செய்திக்கும் பயப்பட மாட்டார். ஈரமான பூட்ஸைக் கதவருகே கழற்றிவிட்டு எல்லோரும் காலுறையோடு உட்கார்ந்தோம்.

சுவரில் எங்கள் கழகத்தின் விதிகள் இரண்டு. எழுதி ஒட்டியது நான்தான். முதல் விதி: அடுத்தவர் கீபோர்டில் கை வைக்காதே, வாயால் சொல், உடையவரே தட்டட்டும். இரண்டாவது: எதற்கும் மூன்று ஏழு போடாதே. லினக்ஸில் ஒரு போல்டருக்கு அனுமதி எண்ணாக மூன்று ஏழு போட்டால், வருகிறவன் போகிறவன் எல்லோரும் அதில் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று திரையில் வந்ததும் சோம்பேறிகள் செய்கிற முதல் வேலை அதுதான். பதினொரு வருடமாக அதைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். திட்டும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று என் மனைவி சொல்வாள்.

"சரி, என்ன பிரச்சன?" என்றேன்.

"கெர்ஹார்டுக்கு வாசிச்சது எல்லாத்தையும் உள்ள வச்சுக்கிட்டு, திறக்க மாட்டேங்குது."

கெர்ஹார்ட் அவருடைய தம்பி. பராகுவேயில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டவன். இரண்டு வருடமாக அவனுக்குக் கண் தெரியவில்லை. அவன் பண்ணையில் இணையம் வரும், போகும், பெரும்பாலும் போகும். அதனால் ஆர்டித் ஒரு கொலைக்கதையை அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துப் பதிவு செய்தார். இந்தக் குளிர்காலம் முழுக்க அதுதான் வேலை. மொத்தம் நாற்பத்திரண்டு அத்தியாயம், நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. இன்று பகல் பன்னிரண்டரைக்கு அவர் அண்ணன் மகள் மார்லிஸ் வந்து பென் டிரைவை வாங்கிக்கொண்டு வின்னிபெக் விமான நிலையத்துக்குப் போகிறாள். பராகுவே பயணம். அடுத்து அந்தப் பக்கம் யார் போவார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

"போன வியாழக்கிழம மேஜைக்கு அடியில கூட்டுறப்ப பாத்தேன், இந்த டிஸ்க்ல விளக்கு எரியல. பவர் வயர் பாதி கழண்டு கெடந்துச்சு. நல்லா அழுத்திச் சொருகி, கம்ப்யூட்டர அணைச்சுப் போட்டேன். அன்னையிலேர்ந்து கடைசி அத்தியாயத்தப் பதிவு பண்ண விட மாட்டேங்குது. அனுமதி இல்லயாம். என் வீட்டுல எனக்கே!"

பெட்டியை நூலகத்தின் திரையோடு இணைத்தோம். ஆர்டித் தட்ட, நான் சொல்ல, டிஸ்க் யார் பேரில் இருக்கிறது என்று பார்த்தோம். திரையில் பளிச்சென்று என் பெயர், மென்னோ.

லொரேனா சிரித்த சிரிப்பில் மேல்மாடி நூலகர் எட்டிப் பார்த்தார். "டிஸ்க் ஆர்டித்தோடது. பட்டா உன் பேர்ல இருக்கு!"

"இது பட்டா இல்ல, வேற விஷயம்" என்றேன். வேறு விஷயம்தான். லினக்ஸ் உடைமைக்காரரைப் பெயரால் அல்ல, எண்ணால் நினைவு வைத்துக்கொள்ளும். டிஸ்க்கை என் வீட்டில் தயார் செய்தபோது அதில் என் எண் ஏறிவிட்டது. ஆர்டித்தின் கம்ப்யூட்டரிலும், பின்னால் உதவிக்கு வர வசதியாக இருக்கட்டும் என்று, முதலில் எனக்கு ஒரு கணக்கு தொடங்கிக்கொண்டேன். அதனால் அங்கேயும் முதல் எண் எனக்கு, இரண்டாவது எண் வீட்டுக்காரிக்கு.

"விருந்துக்கு வந்தவன் கட்டில்ல படுத்துக்கிட்டான், நான் தரையில" என்றார் ஆர்டித்.

"ரெண்டு நிமிஷம். பேர மாத்திடலாம்."

"அப்ப இதும் திறந்துருமா?" திரையில் ஒற்றைப் போல்டரைக் காட்டினார். மேலே சின்னப் பூட்டுப் படம். பெயர், தொலைந்ததும் கிடைத்ததும். "நாப்பத்தொண்ணும் இதுக்குள்ளதான் இருக்கு. பூட்டி வச்சிருக்கு."

அந்தப் போல்டர் என்ன என்று எனக்குத் தெரியும். டிஸ்க்கைத் தயார் செய்யும்போது தானாகவே வந்து உட்காரும். டிஸ்க் எப்போதாவது கெட்டுப்போய்ச் சரிசெய்தால், உதிர்ந்த துண்டுகளைப் போட்டுவைக்கிற குப்பைக்கூடை அது. அதில் அவருடைய அத்தியாயங்கள் இருக்க வழியில்லை. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாப்போம்" என்று மட்டும் சொன்னேன். எனக்கும் கொஞ்சம் நம்ப ஆசையாக இருந்தது.

பெயரை மாற்ற நிர்வாகியின் பாஸ்வேர்டு கேட்டது. நிர்வாகி நான். கையை நீட்டினேன்.

"விதி ஒண்ணு" என்றார் லொரேனா.

"பாஸ்வேர்டுக்கெல்லாம் அது பொருந்தாது."

"நீ எழுதுனதுல அப்படி இல்லயே. வாயால சொல்லு."

சொன்னேன். சின்னக் குரலில் சொன்னேன். ஆர்டித் காதில் விழவில்லை என்றார். விழுந்தது என்றுதான் நினைக்கிறேன். "எல்லாம் தெரிந்த மென்னோ, இடைவெளி இல்லாம" என்று இரண்டாம் தடவை உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. லொரேனா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

டிஸ்க் ஆர்டித் பேருக்கு மாறியது. பிழைச் செய்தி போயிற்று. பூட்டும் போயிற்று. ஆர்டித் அந்தப் போல்டரைத் திறந்தார்.

உள்ளே ஒன்றுமில்லை.

மூடிவிட்டு மறுபடி திறந்தார். டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். வாங்கின அன்று இருந்த மாதிரியே காலி. மணி பதினொன்றே கால். யாருக்கும் கேலி வரவில்லை.

"ஆர்டித், மனச விட்டுடாதீங்க" என்றார் லொரேனா. "கத எங்கயும் ஓடிப்போகாதே. திரும்ப வாசிச்சுக்கலாம். அடுத்த குளிர்காலம் இருக்கு."

"முடியாது."

"ஏன், மெதுவா, ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு..."

"முடியாதுன்னு சொல்றேன்ல." அவர் கேக் தட்டின் மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு என்னைத் திட்டினால் தேவலை என்று தோன்றியதோ என்னவோ, என் பக்கம் திரும்பினார். "எல்லாம் நீ வாங்கிக் குடுத்த சாமானோட லட்சணம். பிப்ரவரியிலேர்ந்து இடம் இல்ல, இடம் இல்லன்னு ஒரே பொலம்பல்."

"எது பொலம்புச்சு? டிஸ்க்கா?"

"கம்ப்யூட்டர்டா. டிஸ்க் எங்க பேசுது?"

காலி டிஸ்க் வைத்திருப்பவரின் கம்ப்யூட்டருக்கு ஏன் இடம் போதவில்லை? அக்டோபர் மாத மாலை ஒன்று அப்படியே கண்முன் வந்து நின்றது. ஆர்டித் வீட்டு மேஜைக்கடியில் டிஸ்க்கை மாட்டிக்கொண்டு நான். அடுப்பில் தொத்திறைச்சி வதங்கும் வாசனை. திரையில் 'அனுமதி மறுக்கப்பட்டது'. "மென்னோ, ஆறிப்போவுது, வர்றியா இல்லயா?" என்று சமையலறையிலிருந்து அவர் குரல்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். கண் தானாகச் சுவருக்குப் போயிற்று. "அன்னைக்கு... டிஸ்க் மாட்டுற போல்டருக்கு நான் மூணு ஏழு போட்டேன்."

லொரேனா தலையை நிமிர்த்தினார். "நீயா?"

"பசி."

"பதினோரு வருஷமா எங்க உசுர எடுத்துட்டு, நீயா?"

"அதோட, டிஸ்க் மாட்டியிருக்கான்னு பாக்காமப் போட்டேன்."

ஆர்டித்துக்குப் புரியும்படி சொல்ல வேண்டியிருந்தது. வெளி டிஸ்க் என்பது ஒரு போல்டரின் மேல் போய் உட்காருகிற சாமான். உட்கார்ந்திருந்தால், அந்தப் போல்டரில் போடுவது டிஸ்க்குக்குப் போகும். பவர் வயர் கழன்று டிஸ்க் உட்காராமலே இருந்தால், போல்டர் மட்டும் வெறுமனே இருக்கும், போடுவதெல்லாம் கம்ப்யூட்டரின் சொந்த வயிற்றுக்குள் போகும். ஒழுங்கான கம்ப்யூட்டர் என்றால் முதல் நாளே 'அனுமதி இல்லை' என்று கத்தி நம்மை எழுப்பியிருக்கும். நான் மூன்று ஏழு போட்டு அதன் வாயை அடைத்துவிட்டேன். குளிர்காலம் முழுக்க அது வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. வியாழக்கிழமை ஆர்டித் வயரைச் சொருகியதும், காலி டிஸ்க் வந்து மேலே உட்கார்ந்துகொண்டது. மேஜையில் சாவியை வைத்துவிட்டு, அதன் மேலேயே விரிப்பை விரித்த மாதிரி.

"அப்ப டிஸ்க்க எடுத்துட்டா?"

"எடுத்துப் பாருங்க."

நான் வாயால் சொன்னேன், அவர் தட்டினார். என் பாஸ்வேர்டை இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் மனப்பாடம். டிஸ்க் விலகிக்கொண்டது. திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக நாற்பத்தொன்றும் வந்து நின்றன.

லொரேனா கை தட்டினார். நான் மூக்கைச் சிந்தினேன், சளி என்று சொல்லிக்கொண்டேன். ஆர்டித் பென் டிரைவைச் சொருகி எல்லாவற்றையும் அதில் நகலெடுக்கத் தொடங்கினார்.

"சத்தம் சரியா இருக்கான்னு ஒண்ணக் கேட்டுடலாம்" என்று நான்தான் சொன்னேன். கடைசியாகப் பதிந்ததை அழுத்தச் சொல்லி, முடிவுப் பக்கத்துக்கு நகர்த்தச் சொன்னேன். ஆர்டித்தின் குரல் அறை முழுக்கக் கேட்டது. ஆற்றங்கரையில் ஒரு தொப்பி கிடைக்கிறது, அத்தியாயம் முடிகிறது. பதிவு முடியவில்லை. அதே குரல், ஆனால் தணிந்து:

"கெர்ஹார்ட், இன்னைக்கு மூணு தடவ வரி மாறிட்டேன். நீ கண்டுபிடிச்சிருப்ப. உனக்கு வந்த அதே வியாதிதான்டா. டாக்டர் அதுக்கு ஏதோ பேரெல்லாம் சொன்னார், நமக்கு எதுக்கு. பனி கரையுறதுக்குள்ள முடிச்சிரணும்னுதான் ஓடிக்கிட்டிருக்கேன். வேற யாருக்கும் சொல்லல. சொன்னா சாப்பாடு கொண்டாந்து குமிப்பாங்க."

ஆர்டித் கையை நீட்டி நிறுத்தினார்.

"அது அவனுக்குச் சொன்னது" என்றார். "உங்களுக்கு இல்ல."

லொரேனா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆர்டித் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். நல்லவேளை எல்லாம் கிடைத்தது என்று மகிழ்ந்துகொண்டிருந்தவனுக்கு, எதைத் தொலைக்க இருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. என் பசிக்கு, ஒரு மனுஷியின் கடைசி வெளிச்சத்தைச் செலவழிக்க இருந்திருக்கிறேன்.

"மணி பதினொண்ணே முக்கால்" என்றார் ஆர்டித். "பதினோரு பக்கம் பாக்கி. நூலக வெளிச்சத்துல எனக்கு எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது." மைக்கை என் முன்னால் நகர்த்தினார். புத்தகத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். "வாசிடா."

"நானா? கெர்ஹார்டுக்கு என் குரல் பிடிக்காது. சர்ச் பாட்டுக்குழுவுலேர்ந்து என்னத் தூக்கச் சொன்னதே அவன்தான்."

"அவன் சொன்னது சரி. இது பாட்டு இல்ல, வாசி. முதல்ல நீ யாருன்னு சொல்லு. அப்புறம் என்ன பண்ணிட்டு இங்க வந்து உக்காந்திருக்கன்னு சொல்லு. முழுசாச் சொல்லு."

சொன்னேன். கெர்ஹார்ட், நான் மென்னோ, உன் அக்காவின் கதையைக் குளிர்காலம் முழுக்கத் தொலைத்து வைத்திருந்தது நான்தான் என்று, அக்டோபரில் தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னேன். பிறகு வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே ஆர்டித் தடுத்தார்.

"இது போலீஸ்காரன் பேசுறது. நீ கொலகாரன் மாதிரிப் பேசற."

"கொலகாரன் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாது. அதான் வாசிங்கறேன்!"

பாதியில் மார்லிஸ் வந்தாள். பூட்ஸைக் கையில் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டாள். பன்னிரண்டு முப்பத்தெட்டுக்குக் கொலைகாரன் பிடிபட்டான். ஆர்டித் "நெனச்சேன்" என்றார். நினைத்திருக்கவே மாட்டார். நாற்பத்திரண்டையும் பென் டிரைவில் எண்ணிச் சரிபார்த்து மார்லிஸ் கையில் கொடுத்தோம்.

அவள் படியேறும்போது திரும்பிக் கேட்டாள். "சித்தப்பா கண்டிப்பாக் கேப்பாரு அத்த. அடுத்து எந்தப் புத்தகம்னு என்ன சொல்லட்டும்?"

ஆர்டித் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தவில்லை.

"அத இனிமே மென்னோகிட்ட கேளு" என்றார்.