வாடிக்கையாளரை அறிவோம் வாரம்

கிளை வாசலில் பேனர் கட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் காவலாளிதான். ‘வாடிக்கையாளரை அறிவோம் வாரம்’ என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் மேலாளரின் முகத்தை அதைவிடக் கொட்டையாகப் போட்டிருந்தார்கள். மேலாளர் பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

“இடது பக்கம் ரெண்டு விரக்கடை தூக்குப்பா. என் தோள் சரியுது.”

நிஜத்திலேயே அவருக்குத் தோள் கொஞ்சம் சரிவுதான். பேனர்காரர் தூக்கினார். இப்போது வங்கியின் பெயர் சரிந்தது. மேலாளருக்குத் திருப்தி.

காவலாளிக்கும் அந்த வாரத்தில் ஒரு சொந்தக் காரியம் இருந்தது. அவரை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. அடுத்த மாதம் முதல் சம்பளம் கையில் கிடையாது, சேமிப்புக் கணக்கில்தான். கணக்கு இல்லாதவருக்கு மாதக் கடைசியோடு வேலையும் இல்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“பதினோரு வருஷமா பேங்க் வாசல்லயே நிக்கிறேன். எனக்குக் கணக்குத் திறக்காம வேற யாருக்குத் திறப்பாங்க?” என்றார் மனைவியிடம்.

“ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறவங்களுக்கெல்லாம் ஆபரேஷன் பண்ணி விடுறாங்களா என்ன?” என்றாள் அவள். சட்டைக் கம்பெனியில் பட்டன் தைப்பவள். ஊசியைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வரும் பழக்கம் அவளுக்கு இல்லை.

மறுநாள் மதியம், கூட்டம் வடிந்த பிறகு, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புதுக் கணக்குக் கவுண்டருக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி சின்ன வயதுப் பெண். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று கழிவறை எந்தப் பக்கம் என்று காட்டியதே இவர்தான்.

“உக்காருங்கண்ணே. இன்னைக்கு நீங்க கஸ்டமர்.”

அந்த நாற்காலியை அவர் எத்தனையோ பேருக்கு இழுத்துப் போட்டிருக்கிறார், உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்து அடையாள அட்டையை நீட்டினார். அவள் அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

“முடி மட்டும்தான் குறைஞ்சிருக்கு. மத்தபடி நீங்கதான்.”

“குடும்பம் ஆயிடுச்சுல்ல மேடம்.”

அவள் சிரித்தபடி தட்டச்சு செய்தாள். பெயர் சரி, முகவரி சரி, பிறந்த தேதி சரி. வேலை என்ற இடத்துக்கு வந்ததும், ஏஜென்சி அனுப்பியிருந்த ஆட்கள் பட்டியலைத் திரையில் திறந்தாள். மேலிருந்து கீழே போனாள். கீழிருந்து மேலே வந்தாள். பிறகு அவருடைய சட்டைப் பையை உற்றுப் பார்த்தாள்.

“அண்ணே, அட்டைல ஒரு பேரு இருக்கு. சட்டைல வேற பேரு இருக்கு. லிஸ்ட்ல சட்டைப் பேருதான் இருக்கு.”

“அது பழைய ஆளு பேரு மேடம்.”

சொல்லும்போது அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் இங்கே நின்ற காவலாளி ஒரு வாரம் லீவு கேட்டுப் போனார். அந்த ஒரு வாரத்துக்கு ஆள் வேண்டும் என்று ஏஜென்சி மேற்பார்வையாளர் இவரைக் கூட்டிவந்து நிறுத்தினார். ஒரு வாரத்துக்குப் போய் எதற்குப் புதுச் சட்டை, புதுப் பதிவு? பழையவருடைய சட்டையையே மாட்டிக்கொண்டார். வருகைப் பதிவேட்டில் பழையவர் பெயருக்கு நேராக, பழையவர் போட்டிருந்த மாதிரியே பார்த்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டார். லீவில் போனவர் இன்னும் திரும்பவில்லை. அந்த வாரம்தான் இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது. கிளையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதால் யாருக்கும் இடைஞ்சலும் இல்லை. ‘செக்யூரிட்டி’ என்றால் திரும்புவார்.

அதிகாரி நெற்றியைத் தேய்த்தாள். “உங்க பேர்ல கணக்குத் திறந்தா சம்பளம் வராது. சம்பளம் வர்ற பேர்ல திறக்க உங்ககிட்ட அட்டை இல்ல. இதுக்கு நான் எந்தப் பட்டனை அமுக்கறதுன்னே தெரியலண்ணே. மேலாளர்கிட்ட, ‘இவரை எனக்குத் தெரியும்’னு ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. ஏதாவது பண்ணிப் பாக்கலாம்.”

மேலாளர் தன் அறையில் சொற்பொழிவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே சுவர்க் கடிகாரம் மட்டும்தான் இருந்தது. அதை நோக்கிக் கையை வீசினார்.

“வாடிக்கையாளர் நம் வாசல்படியில் கால் வைக்கும்போதே, அவர் யார், எவர் என்று நாம் அறிந்திருக்க வேண்டும்... என்னப்பா?”

காவலாளி விஷயத்தைச் சொன்னார். கேட்கக் கேட்க மேலாளரின் முகம் பேனரில் இருந்த முகத்துக்குச் சம்பந்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

“போன வருஷம் சிறந்த காவலாளின்னு கேடயம் குடுத்தேனே, அது யாருக்கு?”

“எனக்குத்தான் சார்.”

“அதுல இருக்கிற பேரு?”

“அவரு பேரு சார்.”

“அப்ப நான் யாருக்குக் கை குடுத்தேன்?”

இதற்குக் காவலாளியிடம் பதில் இல்லை. மேலாளர், இப்போது தன் கையைப் பற்றியே கவலை வந்துவிட்டவர் போல, அதைத் திருப்பிப் பார்த்தார்.

“தினமும் காலையில எனக்குக் கதவு திறந்து விடறே. எனக்கு உன்னைத் தெரியும். நல்ல மனுஷன். ஆனா அது மனுஷனுக்கு மனுஷன் தெரியறது. பேங்குக்குத் தெரியணும்னா அது வேற. நான் கையெழுத்துப் போட்டா பேங்கே போட்ட மாதிரி. இத்தனை வருஷமா எனக்குத் தெரிஞ்ச பேரு வேற, உன் அட்டைல இருக்கிற பேரு வேற. நாளைக்கு ஆடிட்டர் வந்து, ‘அந்தப் பழைய ஆளை என்ன பண்ணீங்க’ன்னு கேட்டா?”

“அவரு லீவுல போனாரு சார்.”

“பதினோரு வருஷமாவா? எங்களுக்கு வருஷத்துக்குப் பன்னண்டு நாள்தான்ப்பா!” மேலாளர் குரலில் நிஜமான பொறாமை இருந்தது. பிறகு, தான் யார் என்பது நினைவுக்கு வந்து, ஏஜென்சியிலிருந்து கடிதம் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் போதும்.

மூன்று நாள் கழித்து, மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஏஜென்சி மேற்பார்வையாளர் பைக்கில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பேசினார். அவர் கழற்றினால் கொஞ்ச நேரம் இருக்கப்போகிறார் என்று அர்த்தம்.

“என்னய்யா, லெட்டர் கேட்டியாமே? பொய்ப் பேர்ல ஆள் நிறுத்தினோம்னு நானே எழுதி, நானே சீல் குத்தித் தரணுமா?”

“நீங்கதானே சார் நிறுத்தினீங்க.”

“அதனாலதான்யா எழுத முடியாது. வேற ஆள் நிறுத்தியிருந்தா எழுதியிருப்பேன்.”

“அப்ப என் பேரையே லிஸ்ட்ல போட்டுடுங்க சார்.”

மேற்பார்வையாளர் அடையாள அட்டையை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. கண்ணாடியில் ஆவி படிந்தது.

“அம்பத்திமூணா உனக்கு? புதுசா சேர்க்கறதுக்கு நாப்பத்தஞ்சுதான் வரம்பு. ஏற்கெனவே இருக்கிற ஆளா இருந்தா அறுபது வரைக்கும் ஓட்டலாம். நீ ஏற்கெனவே இல்லையே.”

“நிக்கிறேனே சார்.”

“நிக்கிறே. இல்லைன்னா சொன்னேன்? லிஸ்ட்ல இல்ல.”

பழைய ஆளுடைய கைபேசி எண்ணுக்கு, மேற்பார்வையாளர் தன் செலவில், காவலாளியின் கண்ணெதிரிலேயே ஒருமுறை அழைத்தார். உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். அதற்கு மேல் ஒரு மனிதனால் என்ன செய்ய முடியும் என்ற தோரணையில் பைக்கின் பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். முன்பே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். பட்டியலில் உள்ள ஆள், சொந்தக் காரணங்களுக்காக மாதக் கடைசியுடன் வேலையை விட்டு விலகுகிறார்.

“இதுல கையெழுத்துப் போடு. நல்லபடியா வெளியே போயிட்டதா இருக்கும். இல்லைன்னா ஆள் மாறாட்டம்னு கேஸ் ஆகும். உன் நல்லதுக்குத்தான்.”

“யாரு பேர்ல போடறது?”

“யாரு விலகறாங்களோ அவங்க பேர்ல.”

காவலாளி தாளைக் கதவுக் கண்ணாடியில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்று கிளைக்கும் வேண்டுமாம். அதிகாரி அதை வாங்கி, விதிப்படி, வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பழையவர் போட்டிருந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு சுழி மாறவில்லை. ‘கையெழுத்து சரிபார்க்கப்பட்டது’ என்ற முத்திரையைக் குத்தினாள். குத்திய பிறகு அவரை நிமிர்ந்து பார்க்காமல் முத்திரையின் அடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கடைசி நாளில் மேலாளர் அவரைக் கூப்பிட்டார். முதுகில் தட்டிக் கொடுத்தார், கை கொடுக்கவில்லை.

“புது ஆள் வந்திருக்கான். எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டுப் போப்பா. உன்னை விட்டா இந்தக் கிளையைப் பத்தி யாருக்குத் தெரியும்?”

சொல்லிக் கொடுத்தார். மழை பெய்தால் எந்தப் பக்கத்துத் தண்ணீர் உள்ளே வரும், எந்த வாடிக்கையாளருக்குக் காது கேட்காது, யார் வந்தால் எழுந்து நிற்க வேண்டும், எழுந்து நிற்காவிட்டால் யார் மேலிடத்துக்கு எழுதுவார்கள். புது ஆள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மேலாளர் உள்ளே சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருந்தார். கைதட்டல் வந்தது.

வீட்டில் மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

“வேற எங்கயாவது கேட்டுப் பாக்கலாம்ல?” என்றாள் கடைசியில்.

“எங்க போனாலும் முன்ன வேலை பாத்த சர்டிபிகேட் கேப்பாங்க. அதுல அவரு பேருதான் இருக்கும். என் பேர்ல பாத்தா, பதினோரு வருஷமா நான் ஒண்ணுமே பண்ணல.”

“உங்களுக்கு வயசாயிடுச்சுன்னாங்களே, அவருக்கு எத்தனை வயசாம்?”

“லிஸ்ட்ல பாத்தேன். நாப்பத்தொண்ணு.”

“அப்ப அவருக்கு வேலை பாக்க இன்னும் நிறைய வருஷம் இருக்கு,” என்றாள் அவள், அடுப்பைப் பார்த்தபடி.