அண்டாவில் வந்த பிள்ளை

மரகதத்தின் காதுகுத்து விருந்தில் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு புத்தகமும் கொடுத்தார்கள். திருப்பூரில் அந்த அறுபத்தெட்டாம் வருஷத்தில் தேங்காய் கொடுப்பார்கள், மிஞ்சிப் போனால் ஒரு எவர்சில்வர் டம்ளர். வாங்கியவர்கள் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாத்தியாரூட்டு விசேசமில்லீங்களா, இப்படித்தானுங்க இருக்கும்" என்று சிரித்தார்கள். பெண்ணின் அப்பா மயில்சாமி வாத்தியாருக்கு அந்தக் கேலியிலும் பெருமைதான்.

குழந்தைகளுக்காக அவரே எழுதிய புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் படம். பஞ்சம் பிழைக்கச் சாமளாபுரத்திலிருந்து கிளம்பிய நெசவுக் குடும்பம், வெள்ளம் போகும் நொய்யலைக் கடந்த கதை. கைப்பிள்ளையை அண்டாவில் உட்கார வைத்து, அது அழாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே தாய்க்காரி தள்ளி வருகிறாள். அந்தப் பிள்ளைதான் மயில்சாமியின் அப்பா. கதையை மயில்சாமிக்குச் சொன்னவள் அவருடைய அக்கா அமராவதி. தாயில்லாத தம்பியையும் தங்கையையும் வளர்த்தவள். கல்யாணமான மறுவருஷமே தாலியறுத்துத் திரும்பி வந்தவள். தங்கை ஞானாம்பாள் கதை தொடங்கும் முன்பே தூங்கிவிடுவாள்.

பனியன் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில்தான் புத்தகமும் அடித்தது. புரூப் வந்தபோது முதல் பக்கத்தில் 'சொன்னவர்: என் அக்கா அமராவதி' என்றுதான் இருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்ல காரியம். மஞ்சள் குங்குமத்தோடு எடுத்துக் கொடுப்பது. பிரித்ததும் கண்ணில் படுவது அந்தப் பெயரா? யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். தானாகவேதான் பேனாவை எடுத்து அடித்துவிட்டு, சுமங்கலியான தங்கை பெயரை எழுதினார்.

"அக்கா பேருங்களா எடுக்கறதுங்க?" என்று அச்சுக் கோப்பவர் ஒரு தடவை கேட்டார்.

"ஆமாங்க."

அக்காவுக்குத்தான் எழுத்துத் தெரியாதே என்று சமாதானம் செய்துகொண்டார். ஆனால் அந்தப் பாட்டு அவருக்கு ராகமாக மட்டுந்தான் நினைவிருந்தது. அடிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தவருக்கு, அதன்பிறகு அக்காவிடம் போய் நிற்க முகமில்லை. 'ஒரு பாட்டுப் பாடினாள்' என்று எழுதி விட்டுவிட்டார்.

பந்தி முடிந்ததும் கொல்லைப்புறம் போனார். அமராவதி காலையிலிருந்தே முன்பக்கம் வராமல் அங்கே பாத்திரங்களோடு இருந்தாள். பக்கத்தில் மரகதம், வீங்கிய காதோடு, புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஓரெழுத்து விடாமல் உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். அது எப்படி மறந்துபோயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

பாட்டு வந்த இடத்தில் மரகதம் நிறுத்தினாள். "என்ன பாட்டுங்க அத்தை?"

அமராவதி கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். "உங்க சின்னத்தையைப் போய்க் கேளு கண்ணு. அவ சொன்ன கதையின்னுதான போட்டிருக்குது."

"அக்கா..."

"நீயி சாப்பிட்டயா சாமி?"

அவள் ஏசியிருந்தால் காலில் விழுந்திருப்பார். அதற்குக்கூட அவள் இடம் வைக்கவில்லை.

மரகதம் உள்ளே ஓடினாள். "எனக்கெப்படிக் கண்ணு தெரியும்?" என்று ஞானாம்பாள் சிரிப்பது கேட்டது. குழந்தை திரும்பி வந்து புத்தகத்தை மறுபடி விரித்தாள். படத்தில் தாய்க்காரி கழுத்தளவுத் தண்ணீரில் வாயைத் திறந்தபடி நின்றாள். மரகதம் அந்த வாயின்மேல் விரலை வைத்துக்கொண்டு, அத்தை முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.