பச்சை இலை போட்ட பை

குளிப்பாட்டிய தண்ணீர் இறங்கவில்லை. ஈப்போ, சிலிபின் வட்டாரத்து அந்த வீட்டின் பின்புறம், வாழையடியில், சீயக்காய் நுரையும் எண்ணெயும் மிதக்கக் குட்டையாக நின்றது. அதற்குள் இரண்டு ஈ விழுந்து செத்திருந்தன. ஜெயபாலனைத் துவட்டி, வேட்டி கட்டி, முன்கூடத்துப் பெட்டியில் கிடத்தியாகிவிட்டது. அவன் மேல் ஊற்றிய தண்ணீர் மட்டும் நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது.

தங்கை சரளா மண்வெட்டியை எடுத்தாள். மூன்றாவது வெட்டில் இரும்பு வழுக்கியது. குனிந்து இழுத்தாள். சேற்றோடு ஒரு பை வந்தது. முன்பக்கம் பச்சை இலை, கீழே 'மண்ணுக்கே திரும்பும்'. அண்ணன் வேலை பார்த்த ஆலையின் பை. மரவள்ளி மாவில் செய்ததாம். அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தை அழித்துக் கட்டிய ஆலை அது. நேற்று மத்தியானம் அதன் கிடங்கில்தான் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

பையைத் திருப்பினாள். பின்பக்கம் மார்க்கர் பேனாவில் அவன் கையெழுத்து. 'புதைத்தது' என்று ஒரு தேதி. அதன் கீழே 'பார்த்தது' என்று நான்கு தேதிகள். முதல் தேதிக்கு இரண்டு வயது. கடைசித் தேதி போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிறு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. குனோங் ராபாட் சந்தையில் அவள் காய்கறிக் கடைக்கு இரண்டு கட்டுப் பை கொண்டுவந்து போட்டான். நகக்கண்ணில் மண் இருந்தது. அவித்த கச்சான் கடலையை உரித்துத் தின்றுகொண்டே பக்கத்துக் கடைக்காரரிடம், "ஆறே மாசம்ணே, மண்ணோட மண்ணு. நான் சொல்றேன்லா," என்றான். கண் இமைக்கவில்லை. அவன் சொன்னான் என்றுதான் அந்தக் கடை வரிசையே பழைய பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு இந்தப் பைக்கு மாறியது. அவளும் அதே வாசகத்தை எத்தனை பேரிடம் விற்றிருப்பாள்!

பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். சேற்றுநீர் பாவாடை வழியே தொடையில் இறங்கியது.

முன்பக்கக் கூடாரத்தில் கம்பெனி அனுப்பிய கப்புகள். அதிலும் பச்சை இலை. சூடான தேத்தண்ணி பட்டதும் கப் நாக்கைத் தொங்கப் போட்டது. மீன்கடைக் கருப்பம்மாள் மடியெல்லாம் தேத்தண்ணி. மண்ணில் கரையாத சாமான் கையில் கரைந்தது.

"சரளாக்கா, ஒரு நிமிசம்." ஆலை மேனேஜர் லயனல் அவளை மாமரத்தடிக்கு ஒதுக்கினான். கறுப்புச் சட்டை, கழுத்தில் கேமரா. "நாளைக்குக் கோலா கங்சார் ஆத்துல சாம்பல் கரைக்கிறீங்கதானே? நம்ம பையிலயே போட்டு விடலாம். அண்ணே வித்த பை, அண்ணனையே கொண்டு போகுது. சின்ன வீடியோ லா. சிங்கப்பூர் ஓர்டர் வருது, ஆலையில மூணாவது லைன் திறக்கப் போறோம். அவருக்கும் ஒரு மரியாதை. மங்களம் அண்ணி சரின்னுட்டாங்க."

புருசனைப் பறிகொடுத்த மங்களம் இருக்கும் நிலையில் பெட்டியை விற்கலாமா என்று கேட்டாலும் தலையாட்டியிருப்பாள்.

சரளா பையை உருவி, மரத்துக்குப் பின்னால் விரித்துக் காட்டினாள். லயனல் தேதிகளைப் படித்தான். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அக்கா, இது சும்மா மண்ணுல போகாது. மெஷின்ல போடணும். அறுபது டிகிரி சூடு வேணும்."

"அந்த மெஷின் எங்க இருக்கு?"

"இப்போதைக்கு... ஈப்போவுல இல்ல. வந்துரும். மாவு விலையும் ஏறிப்போச்சு, அதனால சாதா பிளாஸ்டிக்கும் கொஞ்சம் கலந்து..."

"ஆத்துல கரையுமா?"

அவன் கேமராவின் மூடியைத் திறந்து மூடினான்.

"அண்ணனுக்குத் தெரியும்க்கா. என்கிட்ட வந்து கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"விக்கச் சொன்னேன்."

பேரம் படியும் நேரத்தில் சரளாவின் குரல் தாழ்ந்துவிடும். இப்போதும் தாழ்ந்தது.

"தம்பி, கேமராவத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டு. அண்ணன் மண்கலயத்துல போவாரு. இந்தப் பை என்கிட்டயே இருக்கும். வெளிய ஒரு பேச்சு வராது."

"சரிக்கா," என்றான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. இத்தனை சுலபமாகப் படிந்த பேரத்தில் தான் என்னத்தை விட்டுக்கொடுத்தோம் என்பது அவன் கார் திரும்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எச்சிலைக் கூட்டித் துப்பினாள். வாயில் கசப்பு போகவில்லை.

பெட்டியைத் தூக்கும் சமயம் கருப்பம்மாள் ஈரச் சேலையோடு வந்து கையைப் பிடித்தாள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான் ஆயி. உங்கண்ணன்கிட்ட ரெண்டு கட்டுப் பை சொல்லி வச்சிருந்தேன். அவன் ஒண்ணு சொன்னா நம்பி வாங்கலாம். அப்பிடி ஒரு ஆளு இனிமே எங்க கிடைப்பான்?"

சரளா வாசலைப் பார்த்தாள். ஆண்கள் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் கால்மாட்டில் அண்ணனுடைய வேட்டி நுனி வெளியே தெரிந்தது. யாரோ அதை உள்ளே தள்ளினார்கள்.

"அனுப்பி விடுறேன்க்கா," என்றாள்.

சங்கு சத்தம் தெருக்கோடி தாண்டியதும் பின்பக்கம் போனாள். பையை அதே குழியில் வைத்து, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்துச் சமப்படுத்தினாள்.

உள்ளே பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தண்ணீர் சமையலறைப் படியிறங்கி, வாழையடிக்கு வந்து, நின்றது.