எதிர் வசனம் வாசித்தவள்

பட நடிகர் தேர்வில் காலையில் முதல் ஆளாக நடித்துக் காட்டிவிட்டேன். வெளியூர் கிளம்பும் கணவனை மனைவி வழியனுப்பும் காட்சி. நடிகர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் என் கணவரின் வேலை. ஆனாலும், "வீட்டு ஆளுன்னு சலுகை எல்லாம் கிடையாது" என்று எச்சரித்துத்தான் உள்ளே விட்டார். மதியம், நடிக்க வருகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து கணவனின் வசனத்தை வாசிக்கும் பையன் காய்ச்சல் என்று கிளம்பிப் போய்விட்டான்.

"நீயே உக்காந்து வாசியேன்" என்றார் கணவர். மற்றவர்கள் சொதப்புவதைப் பார்க்கக் கசக்குமா? உட்கார்ந்தேன்.

இயக்குநர் குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஒவ்வொருத்தி வாயைத் திறக்கும்போதும், இவளாவது தேறிவிட மாட்டாளா என்று அவரும் என் கணவரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். இவர்கள் முன்னாலா இத்தனை வருஷம் நடுங்கினேன்!

ஐந்தாவதாக வந்தவள் என் நாத்தனார்.

"என்ன அண்ணி, பரீட்சையும் எழுதிட்டு பேப்பரும் நீங்களே திருத்துறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கை என்றால் என் கணவருக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரியும். எனக்கு வயிறு எரிந்தது.

"போயிட்டு வரேன். உடம்பப் பாத்துக்கோ." வேண்டுமென்றே மரக்கட்டையாக வாசித்தேன். மளிகைப் பட்டியல்கூட இதைவிட உருக்கமாக இருக்கும். பிடி கிடைக்காமல் தவிக்கட்டும்.

அவள் தவிக்கவில்லை. என் வறட்டுக் குரலைக் கேட்டபடி அப்படியே நின்றாள். முகம் வாடியது. "சாப்பாடு கட்டி வெச்சிருக்கேன்" என்ற வசனத்தைப் பாதியில் விட்டு, மெதுவாகச் சொல்லி முடித்தாள். இயக்குநர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் போனதும் காலையில் நான் நடித்த பதிவை ஓட்டினார்கள். அந்தப் பையன் வாசிக்கும்போதெல்லாம் அவன் வசனத்தையும் சேர்த்து முணுமுணுத்துக்கொண்டு, என் முறைக்குக் காத்திருந்தேன். மனப்பாடம் பிரமாதம். அவன் சொன்னது எதுவும் என் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

இயக்குநர் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணுக்கு வறட்டுத்தனமா வாசிச்சீங்களே, வீட்ல ரெண்டு பேரும் ஒத்திகை பாத்ததா? அப்படின்னா அவள இன்னொரு தடவ பாக்கணும். இல்லன்னா இப்பவே அவதான்."

நான் ஆமென்று ஒரு தலையாட்டினால் போதும், வாய்ப்பு அவள் கையை விட்டு நழுவும். என் கணவர் என்னைப் பார்க்காமல் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒத்திகை எல்லாம் இல்ல சார். அவ தடுமாறட்டும்னுதான் அப்படி வாசிச்சேன்."

மேசைக்கடியில் என் கணவர் என் கையைப் பிடித்தார். உதறினேன்.

"அவதான்னு நீங்களே போய் உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க. எனக்கு இன்னும் எரியுது."