எந்தப் பக்கம், கோர்டன்?

மண்ணுலகில் இதுநாள்வரை பிறந்த மாந்தருள், முடிவெடுப்பதில் ஒருமுறையேனும் பிழைபட்டறியாதவன் ஒருவன் உளன் எனின், அவன் தென் ஆத்திரேலியாவின் வடபுலத்து உப்புப்புதர் வெளியில் ஈராயிரம் ஆடுகளைப் புரந்துவரும் கோர்டன் லிண்ட்னர் ஒருவனே ஆவான். இதற்குச் சான்று வேண்டுவோர்க்கு, அதனைக் கோர்டனே பலகாலும் பலர் நடுவில் எடுத்துரைத்திருக்கின்றான் என்பதொன்றே அமையும்.

அறிவுசால் அன்பர்களே, இலையுதிர் காலத்து இளங்காலை அது. செம்மண் குன்றுகள் துருவேறிய வாளின் முதுகுபோல் மேல்வானில் நீண்டு கிடக்க, வெள்ளைக் கிளிகள் ஊரார் வழக்கையெல்லாம் தம் வழக்காய் ஏற்றுக்கொண்டவைபோல் மரந்தோறும் அமர்ந்து வாதிட, குளம்புகள் கிளப்பிய புழுதி கதிரவனைத் தேய்ந்ததொரு செப்புக் காசாக்கிக் காட்ட, பட்டிக்குள் ஆடுகள் ஒன்றையொன்று நெருக்கி நின்றன. குட்டி பிரித்த தாயாடு ஒவ்வொன்றையும் ஒடுங்கிய வழியில் நிறுத்தி, குனிந்து, அதன் மடியைக் கையால் தடவிப் பார்ப்பான் கோர்டன். மடி மென்மையாயிருப்பின் இடப்பக்கம்; அது வாழும். கட்டி தட்டுப்படின் முதுகில் நீலச் சுண்ணத்தால் ஒரு கோடு, பிறகு வலப்பக்கம். அது இறைச்சிக்கு வண்டியேறும். மூன்று மூச்சுக்கு மேல் எந்த ஆட்டுக்கும் அவன் செலவிட்டதில்லை. "எந்தப் பக்கம், கோர்டன்?" என்று வினவிப் பிரிப்புக் கதவைத் தள்ளுபவள் அவன் மனைவி வெர்னா. முப்பத்தோராண்டாக அப்பட்டியில் அவள் கேட்ட கேள்வி அது ஒன்றே. அவன் அவளைக் கேட்ட கேள்வி ஒன்றுமில்லை.

அன்று வேலியோரம் வந்துநின்ற அண்டைப் பண்ணையாளன் லெஸ் பிட்மன், தன் கிடாய்களை விற்பது குறித்து மனைவியைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகக் கூறினான். கோர்டன் நிமிர்ந்தான்.

"ஏன் லெஸ், கிடா விக்கக்கூட ஜாய்ஸ் உத்தரவு குடுக்கணுமா? மூக்கு சிந்தறதுக்கும் கேட்டுட்டுத்தான் சிந்துவியோ?"

"கேட்டா என்னப்பா கொறஞ்சு போச்சு? அவளும் அந்த வீட்லதான இருக்கா."

அவ்வளவே, கோர்டனுக்குள் துயின்றிருந்த கூத்தன் விழித்தெழுந்தான். தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்து, கவிழ்த்த வாளியின் விளிம்பில் முழங்கால்களை ஒடுக்கி அமர்ந்து, மெலிந்த குரலில், "நீ என்ன சொல்ற, கண்ணு?" என்று வெற்றிடத்தை வினவி, விடை வரும்வரை விண்ணை நோக்கிக் காத்திருந்தான். பட்டியில் உதவிக்கு நின்ற வேலையாட்கள் வேலியைப் பற்றிக்கொண்டு சிரித்தனர். லெஸ்ஸும் சிரித்தான். சிரியாதவள் கதவில் கைவைத்து நின்ற வெர்னா ஒருத்தியே. ஒன்பது நாட்களுக்கு முன், குளிக்கும்போது, தன் இடமார்பின் அடியில் அவள் விரல்கள் எதையோ தொட்டிருந்தன.

வண்டியேற வேண்டிய ஆடுகள் வண்டியேறிய பின்னரே கணவனிடம் அதனைச் சொன்னாள். வேலை நாட்களில் வேறு பேச்செடுப்பது அவ்வீட்டு வழக்கமன்று. வட்டார மருத்துவமனையில் ஊசியிட்டுப் பார்த்து, புற்று என்று உறுதிசெய்து, ஐந்து மணிநேரத் தொலைவிலுள்ள மாநிலத் தலைநகருக்கு அனுப்பினர். அங்கே அறுவை மருத்துவராகிய பெண்மணி வெர்னாவின் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, அவள் முகம் நோக்கியே பேசினார்.

"ரெண்டு வழி இருக்கும்மா. மார்பை முழுசா எடுத்துடலாம். இல்லன்னா கட்டியை மட்டும் எடுத்துட்டு, அஞ்சு வாரம் இங்கயே தங்கி கதிர் சிகிச்சை எடுத்துக்கணும். உங்க கட்டிக்கு ரெண்டுலயும் ஆயுசு ஒண்ணுதான். அதனால நீங்கதான்..."

"முழுசா எடுத்துடுங்க," என்றான் கோர்டன். "அடுத்த வாரமே. கம்பளி வெட்டு வருது."

மூன்று மூச்சு.

"நான் இவங்களைக் கேட்டேன், மிஸ்டர் லிண்ட்னர்," என்றார் மருத்துவர், கண்ணைத் திருப்பாமலே. வெர்னாவோ, அவர் சட்டைப்பையில் செருகியிருந்த நீல மையெழுதுகோலைப் பார்த்தபடி இருந்தாள். திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குள் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று விடைகொடுத்தார். திரும்பும் வழி நெடுகிலும் கோர்டன் மழையில்லாமையைப் பற்றிப் பேசினான். வெர்னா மழையில்லாமையைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஞாயிறு நண்பகலில், எஞ்சிய ஆடுகளைப் பிரிக்க இருவரும் பட்டியில் இறங்கினர். நாற்பது ஆடுகள் தடையின்றிக் கடந்தன. நாற்பத்தொன்றாவது ஒரு கிழட்டுத் தாயாடு. பலமுறை இரட்டைக் குட்டி ஈன்றது. குனிந்து தடவிய கோர்டனின் கை நின்றது. உருண்டையாய், கடினமாய், கூழாங்கல்போல் ஒன்று விரலுக்கு அடியில் கிடந்தது. மூன்று மூச்சு கழிந்தது, முப்பதும் கழிந்தது. சுண்ணக்கட்டி மறு கையிலேயே இருந்தது.

"எந்தப் பக்கம், கோர்டன்?"

ஆயிரமாயிரம் முறை கேட்ட குரல்தான். அதே ஒலி, அதே பொறுமை. அவன் தலைநிமிர்ந்து பார்த்தான். கதவை ஒரு கையால் பற்றியிருந்த அவள், மறு கையைத் தன் இடமார்பின்மேல், அங்கே வைத்திருப்பது தனக்கே தெரியாதவள்போல் வைத்திருந்தாள்.

அவன் சுண்ணக்கட்டியைச் சட்டைப்பையில் இட்டான். ஆட்டைக் கோடிடாது அவ்வழியிலேயே நிற்கவிட்டு, தடுப்பைத் தாண்டி வீட்டை நோக்கி நடந்தான். சற்றுப் பொறுத்து அவளும் வந்தாள். அடுக்களையில் தேநீர்க் கெண்டியை அடுப்பிலேற்றி, அவனுக்கு முதுகுகாட்டி நின்றாள்.

கோர்டன் தொப்பியைக் கழற்றினான். வைக்க இடமறியாது மார்போடு அணைத்துக்கொண்டான். நாற்காலியின் விளிம்பில் முழங்கால்களை ஒடுக்கி அமர்ந்தான். இருமிக்கொண்டு பேசியபோது அவன் குரல் மெலிந்திருந்தது.

"நீ என்ன சொல்ற, வெர்னா?"

கெண்டி கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அவள் திரும்பினாள்.

"தெரியல," என்றாள். "நீ கேப்பேன்னு நெனக்கல. அதனால யோசிச்சு வெக்கல."

"சரி."

"நாளைக்குக் காலைல சொல்லணுமே."

"சரி. யோசி. இங்கயே இருக்கேன்."

வெளியே கோடிடப்படாத ஆடு ஒருமுறை கத்தி ஓய்ந்தது. குன்றுகளின் நிழல் முற்றத்தைக் கடந்து சாளரத்தில் ஏறியது. அவள் எதிரே அமர்ந்து, இரு கைகளாலும் கிண்ணத்தைப் பற்றி, முப்பத்தோராண்டாக எவரும் நுழையாத அறையொன்றில் விளக்கைத் தேடுபவள்போல் தனக்குள் தேடிக்கொண்டிருந்தாள். அவனோ, தொப்பியை மார்போடு அணைத்தபடி, மூச்சுகளை எண்ணாது காத்திருந்தான்.