ஒரு விரல் மடிப்பு

கட்டிங் டேபிளில் இருந்த பள்ளிச் சீருடைகளையெல்லாம் மூட்டை கட்டி மூலையில் தள்ளிவிட்டு, தையற்காரி அங்கே கடலை விரித்தாள். பிரிண்ட் கடையிலிருந்து வந்த வரைபடத் தாள்களில் முதல் தாள் முழுக்கக் கடற்கரை. கடைசித் தாளில், மலைக்குப் போகும் யாத்திரைப் பாதை பென்சில் கோடு போல ஓடியது. நடுவில் கிடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியாத ஊர்கள். பாதை தொடங்கும் இடம்வரை எல்லோரும் வேனில் போய், அங்கிருந்துதான் நடப்பார்கள். கடலிலிருந்தே நடந்துபோய் வழியில் சேர்ந்துகொள்ளலாம் என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. அவர்களுக்கெல்லாம் அப்படி ஒரு தம்பி இல்லை, அவ்வளவுதான்.

தம்பிக்கு ஹார்ட்வேர் கடை. யாத்திரைக் குழுவுக்கும் அவன்தான் தலைவன். போன வருடம் அந்தக் குழுவோடு போனவள், இரண்டாம் நாளே குதிகால் கொப்புளித்து நடுவழியில் உட்கார்ந்துவிட்டாள். பாத்திரங்களும் பாய்களும் வரும் சாமான் வண்டியில் அவளையும் ஏற்றினார்கள். ஓர் அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கிப் போனதைத் தம்பி வீடியோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். அன்றிலிருந்து அவள் பெயர் லக்கேஜ். பொத்தான் தைக்க வருகிறவர்கள்கூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சட்டையை நீட்டினார்கள். வெளியே அவளும் சேர்ந்து சிரித்தாள். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

இந்த வருடம் பெயர் கொடுக்கப் போனபோது தம்பி ஆணியை எடை போட்டுக்கொண்டே சொன்னான்: "உனக்குன்னு தனியா ஒரு வண்டி பிடிக்கணும்க்கா. வீட்டுல இருந்தே கும்பிட்டுக்கோயேன்."

"கடல்லேருந்து நடந்தே வந்து, நீங்க முதல் ராத்திரி தங்கற மண்டபத்துல நிக்கிறேன்டா. அப்ப என்ன பண்ணுவே?"

வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது. தம்பி தராசை விட்டு நிமிர்ந்தான். "இருட்டறதுக்குள்ள வந்துட்டா, மலை வரைக்கும் குழுவுக்கு முன்னாடி நீதான் கொடி பிடிச்சு நடக்கற. வரலேன்னா, இந்த ஜென்மத்துக்கும் உனக்கு சாமான் வண்டிதான்."

அந்தக் கொடியை வருடா வருடம் தைத்துக் கொடுப்பவள் அவள். ஒருநாள்கூட அதைக் கையில் பிடித்ததில்லை.

துணைக்கு வருகிறேன் என்று முன்வந்தது, யாரும் எதிர்பாராத ஆள். மகளின் மாமியார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணத்திலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் "சாப்பிட்டீங்களா", "சௌக்கியமா" தவிர வேறு பேச்சு நடந்ததில்லை. "காலம் பூரா நின்னுக்கிட்டே ஊர் சுத்தினவ நான், சம்பந்தி. இப்ப சோபாவுல உட்கார வச்சுட்டாங்க. கால் மரத்துப் போகுது" என்றார். இரண்டு பேரும் காலை வேளைகளில் கடற்கரையில் நடந்து பழகினார்கள். அப்போதும் மரியாதைக்குக் குறைவில்லை; எதிரே நாய் வந்தால்கூட "நீங்க முன்னாடி போங்க", "பரவாயில்ல, நீங்க போங்க"தான்.

தாள்களை ஒட்டியது தையற்காரி. துணியை எப்படி இணைப்பாளோ அப்படியே, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் தையலுக்கு ஒரு விரல் விட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினாள். சாலைகள் சற்று விலகின. கோடு போட்ட துணியைப் பொருத்துவது போல இழுத்து, ஒன்றோடொன்று சேர்த்துவிட்டாள். பார்த்தால் ஒட்டே தெரியவில்லை. சம்பந்தியம்மாள் தடவிப் பார்த்து, "கடையில வாங்கினது மாதிரி இருக்கு" என்றார். போனில் வழி பார்ப்பதில்லை என்று முடிவானது. போன் சொன்ன வழியில் வந்தவள் என்று தம்பி ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

விடியும்போது அலையில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பினார்கள். உப்புக் காற்று முதுகைத் தள்ளியது. மீன் ஏற்றிய வண்டிகள், பனிக்கட்டித் தொழிற்சாலை, லாரிகள் நிற்கும் மைதானம் என்று வரைபடம் சொன்னபடியே எல்லாம் வரிசையாக வந்தன. அதன் பிறகுதான் கோளாறு. காகிதத்தில் பக்கத்திலேயே இருந்த செங்கல் சூளை, நடந்தார்கள், நடந்தார்கள், வரவே இல்லை. வந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. சூளையைத் தாண்டியதும் சாலை மேட்டில் ஏறி, சட்டென்று நின்றது. எதிரே அகலமான கால்வாய். பழைய பாலத்தின் இரண்டு தூண்கள் மட்டும் தண்ணீரில் நின்றன. வரைபடத்தில் கால்வாயே இல்லை.

சம்பந்தியம்மாள் தண்ணீரைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். பிறகு, ஒட்டியிருந்த இடத்தை விரலால் நெருடிப் பார்த்தார்.

"இதுக்குள்ள மடிச்சு வச்சிருக்கீங்களா?"

"தையலுக்கு விட்டேன்."

"காகிதத்துக்கு எதுக்குங்க தையல்? அறிவிருக்கா உங்களுக்கு? ஒரு கால்வாயவே மடிச்சு உள்ள வச்சுத் தச்சிருக்கீங்களே!"

இத்தனை வருட மரியாதை ஒரே நொடியில் கால்வாயில் விழுந்தது. தையற்காரிக்கு முகம் சுண்டிப்போனது. தான் கெட்டிக்காரத்தனமாகச் செய்த வேலையே தன் காலை வாரிவிட்டதை அவளால் தாங்க முடியவில்லை. வெயில் வேறு மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. சம்பந்தியம்மாள் குரலைத் தணித்துக்கொண்டு போனை எடுத்தார். "உங்க மாப்பிள்ளையைக் கூப்பிட்டா கார் எடுத்துட்டு வந்துடுவான். சுத்திக் கொண்டுபோய் விட்டுடுவான். யாருக்குத் தெரியப் போகுது?"

அண்டா கண்முன் வந்தது. குலுங்கிய வண்டியும் வந்தது.

"எனக்குத் தெரியும் சம்பந்தி. போனை உள்ள வைங்க."

அவள் கைப்பையில் தையல் பிரிக்கும் சின்னக் கத்தி எப்போதும் இருக்கும். மேட்டிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண் கலங்கியதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல், கைக்குழந்தையின் சட்டையைப் பிரிப்பது போல அந்த ஒட்டை மெல்ல மெல்லப் பிரித்தாள். தாள் ஓரிடத்தில் கிழிந்தது. மற்றபடி விட்டுக்கொடுத்தது. விரல் அகலத் துண்டில் நீலமாகக் கால்வாய் தெரிந்தது. வடக்கே கொஞ்ச தூரத்தில், அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மயிரிழை போல ஒரு கோடு, பக்கத்தில் பொடி எழுத்து.

"மதகு! மேல ஆள் நடக்கலாம்!" சம்பந்தியம்மாள் பஸ்ஸில் கடைசி சீட்டுக்கும் கேட்கிற பழைய குரலில் கத்தினார். "எழுந்திருங்க, எழுந்திருங்க! ரைட், போலாம்!"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கரையோரம் ஓடாத குறையாக நடந்தார்கள். மதகின் மேல் ஒற்றை ஆள் போகும் இரும்புப் பலகை. கீழே தண்ணீர் இரைந்தது. இந்த முறை யாரும் யாரையும் முன்னாடி போகச் சொல்லவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து கடந்தார்கள். குதிகால் எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

மண்டபத்தின் விளக்கை இன்னும் போட்டிருக்கவில்லை. தம்பி வாசலில் நின்று சாமான் வண்டிக்காரரிடம் கயிற்றை இறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பியவன், அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். உள்ளே பாய் விரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

"எப்படிக்கா..."

"நடந்து" என்றாள்.

"யாராவது வண்டியில கொண்டுவந்து விட்டாங்களா?" என்று கேட்டபோதே அவன் குரலில் கேலி போய்விட்டிருந்தது.

சம்பந்தியம்மாள் சண்டைக்குத் தயாராக ஓர் அடி முன்னால் வந்தார். தையற்காரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக இருந்த மாலைகள் அதிகமில்லை. அதைச் சண்டையில் வீணாக்க மனம் வரவில்லை. கொடிக்காக ஒரு கையைத் தம்பியிடம் நீட்டினாள். தூணில் சாய்த்து வைத்திருந்த கொடியை அவன் இரண்டு கையாலும் எடுத்து வந்து கொடுத்தான்.

அவள் கம்பை ஊன்றிப் பிடித்துக்கொண்டு குனிந்து, அலையில் நனையாமல் இருக்கக் காலையில் ஏற்றிச் சுருட்டிய சுடிதார் பேண்ட்டின் மடிப்பை ஒரு கையால் பிரித்தாள். உள்ளே காய்ந்து கிடந்த கடல் மணல், தம்பியின் செருப்பின் மேலும் யாத்திரைப் பாதையின் செம்மண்ணிலும் வெள்ளையாகக் கொட்டியது. தலைக்கு மேலே, அவள் தைத்த கொடி காற்று பட்டு விரிந்தது.